ஒற்றைக் கம்பியும் இரட்டைக் கம்பியும்

மெட்டடார் வேன் எந்த ஊரில் செய்தது என்று சேலத்தில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. பழனிக்கும் முகூர்த்தத்துக்கும் ஏற்காட்டுக்கும் எங்களை அள்ளிக்கொண்டு போகிற வண்டி அது. அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அது ஆகுர்டியில் பிறந்தது என்பதும், நான் வேலைக்கு வந்து குடியேறிய புனேயின் வாகட்டிலிருந்து டாங்கே சவுக், சிஞ்ச்வட் என்று போனால் அந்தத் தொழிற்சாலை பத்து கிலோமீட்டர் தூரம்தான் என்பதும் எத்தனையோ வருடம் கழித்துத் தெரிந்தது. என் சிறுவயதின் பாதிப் பயணங்கள் இந்தப் பக்கத்து மண்ணில் முடுக்கிய போல்ட்டுகளின் மேல் நடந்திருக்கின்றன. புனேயில் என்னைக் கொஞ்சம் வீட்டுக்காரனாக உணரவைத்தது இந்தச் செய்திதான்.

அது பஜாஜ் டெம்போவின் தொழிற்சாலை. என். கே. பிரோடியா தொடங்கிய அந்தக் கம்பெனி, 1958ல் ஹான்சீட் என்ற மூன்று சக்கர வண்டியோடு ஆரம்பித்தது. மெட்டடார் வந்தது 1969ல். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனியின் வடிவம் அது. 1980களில் மெர்சிடிஸ் உரிமத்தில் செய்த ஓஎம் 616 டீசல் எஞ்சின் அதில் ஏறியது. எஞ்சின் முன்னால் இருக்கும், முன்சக்கரம்தான் இழுக்கும். அதனால் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய தகர மூடி. அந்த மூடிமேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்வது வீட்டுப் பிள்ளைகளின் உரிமை. பெரியப்பா ஓட்டுவார், நான் சாக்குமேல். முழங்காலுக்கு எதிரே, டேஷ்போர்டுக்கு அடியில், இரண்டு இரும்புப் பட்டையில் தொங்கும் கேசட் டெக்.

அந்த டெக்குக்கு வண்டியில் இடமே கிடையாது. டேஷ்போர்டைச் செய்தவர்கள் பாட்டைப் பற்றி நினைக்கவில்லை. பெரியப்பா மரப்பெட்டி ஒன்று அடித்து, பூட்டுப் போட்டு, அதற்குள் அதை வைத்திருந்தார். வெளியூரில் இரவு தங்கினால் டெக்கைக் கழற்றித் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். கேசட்டுகளுக்கு வேறு சட்டம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். ஏ பக்கம் பிள்ளையார் பாட்டில் தொடங்கும். பி பக்கம் முழுக்க இளையராஜா. 90 நிமிட கேசட்டைப் பெரியப்பா தொடவே மாட்டார். அதில் நாடா மெல்லியது. எஞ்சின் சூட்டில் இழுபட்டு டெக்குக்குள் சுற்றிக்கொள்ளும். 60 நிமிடம்தான். அரை மணிக்கொரு முறை கிளீனர் பையன் திருப்பிப் போடுவான்.

டெக்கோடு ரேடியோவும் சேர்ந்திருந்தது, மீடியம் வேவ் மட்டும். இன்று நினைத்தால் அதில் ஒரு நன்மை இருந்தது புரிகிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால் வண்டியின் சொந்த இரைச்சல் ரேடியோவில் ஏறாது. பக்கத்தில் ஒரு பெட்ரோல் வண்டி போனால்தான் படபடவென்று கேட்கும். சாயங்காலமானால் இலங்கை வானொலி சேலம்வரை தெளிவாக வரும். கூரையோரம் நீட்டிய ஏரியல் புளியமரக் கிளையில் தட்டும்போது மட்டும் அறிவிப்பாளர் ஒரு வார்த்தையை விழுங்குவார்.

இந்த ஏற்பாடு முழுவதையும் செய்தவர் ஒயரிங் அண்ணன். பெயரைச் சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை. அவருடைய கருவி ஒரு பல்பு, இரண்டு முழம் ஒயர், ஒரு முனையில் முதலைவாய் கிளிப். டெஸ்ட் லேம்ப். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கம்பிதான் இழுப்பார். மறுமுனைக்குப் பக்கத்துத் தகரத்தில் பெயின்டைச் சுரண்டி, ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிடுவார்.

"ஒத்தக் கம்பியில எப்படிண்ணா பாடும்?"

"வண்டி பாடியே எர்த்துதானே கண்ணு. அது சும்மாத்தானே கெடக்குது, அதுவும் ஒரு கம்பின்னு வெச்சுக்க."

அந்தக் காலத்து செட்டுக்கு அது சரியான வேலை. பேட்டரியின் நெகட்டிவ் தகரத்தில்; டெக்கின் உடம்பும் தகரத்தில்; ஸ்பீக்கரின் ஒரு காலும் தகரத்திலேயே நின்றால் வட்டம் முடிந்துவிடுகிறது. செம்பு மிச்சம். எங்காவது பாட்டு கரகரத்தால் அண்ணன் நேரே அந்த ஸ்க்ரூவுக்குப் போவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், பாட்டு திரும்பிவிடும். வண்டியில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும், வேடிக்கை பார்த்த எனக்கும் பாதி தெரியும். நான் மின்னணுவியல் படித்ததற்கு அந்தப் பல்பும் ஒரு காரணம்.

இப்போது வாகட்டில் என்னிடம் இருப்பதும் அதே கம்பெனி வண்டிதான். 1987ல் வந்த டெம்போ டிராவலர் வரிசையில் ஒரு பழைய வண்டி. மூலம் ஜெர்மனியின் பிரேமனில் மெர்சிடிஸ் செய்த டி1 வேன். கம்பெனி 2005ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. என் வண்டியின் நெற்றியில் இன்னும் பழைய பெயர். முந்தைய உரிமையாளர் சீட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு படுக்கை, ஒரு மேடை, தண்ணீர் டேங்க், பின்னால் தனியாக ஒரு பேட்டரி என்று கேம்பராக மாற்றி, ஆர்சி புத்தகத்திலும் முறையாக ஏற்றி வைத்திருந்தார். 15 வருடம் தாண்டிய வண்டி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங்கில் உயரம் போதாமல், கஸ்பட்டே வஸ்தி பக்கம் ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு நிற்கிறது. எஞ்சினைக் கிளப்பினால் வருவது மெட்டடாரில் கேட்ட அதே ஓஎம் 616ன் குரல். அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். மற்ற காரணங்களை வீட்டில் சொன்னேன்.

இந்த டேஷ்போர்டில் பாட்டுக்கு இடம் உண்டு. 180 மில்லிமீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மானியர்கள் ரேடியோவுக்கென்று வகுத்த அளவு. பிறகு ஐஎஸ்ஓ 7736 என்று உலகத் தரமானது. எனக்கு இதில் பெரிய வியப்பு உண்டு. கேசட் போனது, சிடி வந்து போனது, செட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பாகமும் மாறிவிட்டது, அந்தப் பொந்தின் அளவு மட்டும் மாறவில்லை. இந்த வருடம் செய்த ப்ளூடூத் செட், அத்தனை வருடத்துக்கு முந்தைய ஓட்டையில் இழுப்பறை மூடுவதுபோல் உள்ளே போய் நிற்கிறது.

ஆனால் மாட்டித் தர ஆள் கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. ஹிஞ்சவடி ஐடி பார்க்கின் வாசல் என்பதால் வாகட்டில் கார் அலங்காரக் கடைகளுக்குக் குறைவில்லை. பையன்கள் கெட்டிக்காரர்கள், புதுக் காருக்கு அரை மணியில் பெரிய திரை மாட்டிவிடுவார்கள். அந்தந்த மாடலுக்கென்று கப்ளர் வருகிறது, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. என் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கப்ளர் எங்கே?" இல்லை என்றதும் ஒரு கடையில் கைவிரித்தார்கள். இன்னொரு கடையில் டேஷ்போர்டை வெட்டி ஒன்பது அங்குலத் திரை வைக்கலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. செட்டுக்கு ஐந்தாறு வருட ஆயுசு. வெட்டிய தகரம் திரும்ப வளராது. வண்டிக்கு ஏற்ற செட்டைத்தான் தேட வேண்டும், செட்டுக்காக வண்டியை அறுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தியாவின் மோட்டார் நகரங்களில் ஒன்று இது. வாகன ஆராய்ச்சிக்கென்றே ஏஆர்ஏஐ இங்கே 1966 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், பக்கத்துத் தெருவில் பிறந்தது போன்ற ஒரு வண்டியின் கம்பியைத் தொட இளைஞர்கள் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கம்பியைத் தெரிந்துகொள்ளும்படி யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

காளேவாடிப் பக்கம் ஒரு காகா இருக்கிறார். எழுபதைத் தொட்டவர், மெட்டடார் காலத்திலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் கடைக்குள் போனதும் ஆணியில் தொங்கிய டெஸ்ட் லேம்பைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மராத்தியும் இந்தியும் கலந்து பேசுவார். தெற்கத்தியான் என்று தெரிந்ததும் என்னை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தார். வயதில் என்னைவிட இருபத்தைந்து வருடம் பெரியவர்.

"செட்டைப் பெட்டியிலேயே வை அண்ணா. முதலில் வண்டியைப் பார்ப்போம்."

பியூஸ் பெட்டியில் பழைய பீங்கான் பியூஸ்கள். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. இரண்டு முனையும் திறந்து கிடக்கும். புனே மழையில் அந்த முனைகள் பச்சை பிடிக்கும். பல்பு எரிகிறது, ஆனால் மங்கலாக. காகா விரலால் பியூஸை உருட்டினார், பல்பு பிரகாசமானது. நான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், டேஷ்போர்டில் 11.4. ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைகிறது. பழைய ரேடியோவுக்கு ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். அதற்குப் போட்ட மெல்லிய கம்பி அது. இன்றைய செட் சத்தம் ஏறும் நொடியில் பத்து ஆம்பியர் கேட்கும். பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் பத்து ஆம்பியர் போகும்போது சுமார் ஒரு வோல்ட் வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான். ஆகவே பழைய ஹார்னஸைத் தொடாமல் விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து நேராகப் புதுக் கம்பி இழுத்தோம். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில். வழியில் எங்காவது தகரம் கம்பியை அறுத்தாலும் தீ பிடிக்காமல் பியூஸ் போக வேண்டும். செட்டுக்குப் பின்னால் பியூஸ் இருந்து அதற்குப் பயனில்லை.

அடுத்தது ஸ்பீக்கர். இங்கேதான் ஒயரிங் அண்ணனின் வேலை என் முன்னால் வந்து நின்றது. என் வண்டியிலும் யாரோ ஒரு மராத்தி அண்ணன் பழைய ஸ்பீக்கர்களுக்கு ஒற்றைக் கம்பி இழுத்து, மறுகாலைத் தகரத்தில் முடுக்கியிருந்தார். புது செட்டில் இது ஆகாது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியும் உயிருள்ளவை. இரண்டிலும் பேட்டரியின் பாதி அளவு, ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், அந்த வித்தியாசம்தான் பாட்டு. 12 வோல்ட்டை வைத்துக்கொண்டே அதிகச் சத்தம் எடுக்கக் கண்ட வழி அது. அதில் ஒரு கம்பி தகரத்தைத் தொட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். காப்பு இல்லாத மலிவு செட்டானால் உள்ளே ஐசி கருகும். 'புது செட் போட்டேன், ஒரே நாளில் போய்விட்டது' என்று பழைய வண்டிக்காரர்கள் புலம்புவதில் பலதுக்கு இதுவே காரணமாக இருக்கும்.

எனவே நான்கு ஸ்பீக்கருக்கும் இரட்டைக் கம்பி. செட்டின் பின்னால் தொங்கும் வண்ணங்களை மகள் படித்துக்கொண்டாள். எட்டாம் வகுப்பு, மல்டிமீட்டர் பிடிக்கக் கை நிதானம் போதும். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். ஒவ்வொரு கம்பிக்கும் வண்டித் தகரத்துக்கும் நடுவில் மீட்டரை வைத்து, தொடர்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்ததற்குப் போனாள். பின்னால் இருந்த ஸ்பீக்கர் ஒன்றில் பிளஸ் குறி அழிந்திருந்தது. காகா சட்டைப் பையிலிருந்து ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்தார். தொட்டதும் 'டொக்'. கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டது ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் தலைகீழாக இருந்தாலும் பாட்டு வரும், ஆனால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். மகள் அந்த 'டொக்'கை நாலைந்து தடவை தொட்டுத் தொட்டுக் கேட்டாள். அது பாடப்புத்தகத்தில் படிக்கிற மின்காந்தம்தான். விரல் நுனியில் துள்ளும்போது அவள் முகம் வேறாக இருந்தது.

மஞ்சள் கம்பி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செட்டின் நினைவுக்கு எப்போதும் மின்சாரம் தருவது மஞ்சள். சாவி திருப்பினால் எழுப்புவது சிவப்பு. கேம்பரில் இந்த ஏற்பாடு போதாது. முல்ஷி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, சாயங்காலம் பாட்டுக் கேட்கச் சாவியைத் திருப்பியே வைத்திருந்தால் காலையில் எஞ்சின் கிளம்பாது. அதனால் இரண்டையும் பின் பேட்டரிக்கு மாற்றி, சிவப்புக்கு மட்டும் தனி சுவிட்ச் வைத்தோம். மஞ்சளுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. தூங்கும் செட் 20 மில்லி ஆம்பியர் குடித்தாலும் ஒரு மாதத்தில் 14 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். மழைக்காலம் முழுக்க நிற்கிற வண்டிக்கு அது பெரிய நஷ்டம்.

முதலில் போட்டபோது ஒரு ஊளை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஊளையும் ஏறியது. காகாவுக்குச் சிரமமே இல்லை: "டைனமோ பேசுகிறது." செட்டின் எர்த்து ஓரிடத்திலும், போன் சார்ஜரின் எர்த்து வேறிடத்திலும் இருந்தன, இரண்டுக்கும் நடுவே தகரத்தில் ஓடிய மின்சாரம் பாட்டில் கலந்தது. எல்லா எர்த்தையும் ஒரே போல்ட்டில், பெயின்டைச் சுரண்டிய சுத்தமான இரும்பில், கொண்டுவந்து முடுக்கினோம். ஊளை நின்றது. அன்று சேலத்தில் பார்த்த அதே சுரண்டல், அதே உப்புத்தாள்.

பிறகு பாட்டு. எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். மெட்டடாரில் நூறு முறையாவது கேட்டிருப்பேன்; வார்த்தை வார்த்தையாகத் தெரியும். பல்லவி முடிந்து வருகிற இடத்தில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு நடக்கிறது. அது அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. நாடாவும் எஞ்சின் மூடியும் தகரக் கதவும் சேர்ந்து அதை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தன. பழையதுதான் நல்லது என்று யாராவது சொன்னால் இனி ஒத்துக்கொள்ள முடியாது. அந்த இசைக்குழுவில் அந்த வாத்தியக்காரர் அன்று வாசித்தது இத்தனை வருடம் கழித்து, அவர் வாசித்தபடியே, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெரியப்பா இதைக் கேட்காமல் போய்விட்டார் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மெட்டடாரில் பதினைந்து பேருக்கு ஒரே கேசட். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கேட்டோம். பாட்டியின் கந்தர் பாட்டுகள் எனக்கும், எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு பாட்டிக்கும் அப்படித்தான் மனப்பாடமாயின. இப்போது செட்டில் நான்கு ஸ்பீக்கர். வண்டியில் நான்கு பேர். நான்கு பேருக்கும் சொந்தப் போன், சொந்தக் காதுக்கருவி. காட்டில் சிக்னல் போனால் பாட்டும் போகும். அப்போதுதான் பென் டிரைவ். அதில் என்ன இருக்க வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து நால்வரும் சேர்ந்து பட்டியல் எழுதினோம். ரெக்கார்டிங் சென்டருக்கு எழுதியதைப் போலவே ஒரு தாளில். அம்மா சொன்னது முதலில், மகளுடையது கடைசியில். ஒரே விதி: வண்டி ஓடும்போது பென் டிரைவ் மட்டும், காதில் எதுவும் கிடையாது. மகள் முதலில் முகம் சுளித்தாள். தாம்ஹிணி காட்டில் மழையில் ஏறும்போது அவளுடைய பாட்டுக்கு என் மனைவி தாளம் போட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. எந்தக் கம்பி எங்கே, எந்த பியூஸ் எத்தனை, எர்த்து போல்ட் எது என்று நான் தமிழில் வரைந்தேன். அதற்குக் கீழே மகள் பள்ளியில் கற்ற மராத்தியில் எழுதினாள். நாளைக்கு இந்த வண்டியைத் திறக்கப்போவது காகாவின் பேரனாக இருக்கலாம். காகா படித்துப் பார்த்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

வேலை இன்னும் முடியவில்லை. அந்த பேஸ் கிட்டார் கீழே இறங்கும்போது இடது பக்கக் கதவுத் தகரம் கூடவே அதிர்கிறது. கழற்றி உள்ளே ஃபெல்ட் ஒட்ட வேண்டும். பின்பக்கத்துப் படுக்கைக்கு மேலே தனியாக ஒரு வால்யூம் வேண்டும் என்று மனைவி கேட்டிருக்கிறாள். வாகட் பைபாசில் ஏறினால் சதாரா, கோலாப்பூர், பெங்களூரு என்று கிருஷ்ணகிரிவரை அதே 48ஆம் எண் நெடுஞ்சாலை. அங்கிருந்து சேலம் திரும்ப வேண்டியதுதான். தீபாவளிக்குப் போகிறோம். அதற்குள் கதவை முடித்துத் தருகிறேன் என்று காகா சொல்லியிருக்கிறார்.